இந்த அலாரம் எந்தத் திரையிலிருந்து வந்தது? மொபைல் நெட்வொர்க் மேலாண்மை அமைப்புகளை அடையாளம் காணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஓசி எனப்படும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் புதிதாக ஷிஃப்டுக்கு வருபவர்களுக்காக எழுதியது. ரேடியோ, டிரான்ஸ்மிஷன் அடிப்படைகள் தெரியும், ஆனால் எந்தத் திரை எதைச் சொல்கிறது என்பதுதான் குழப்பம் என்றால் இங்கிருந்து தொடங்கலாம்.

ஒரே சைட்டுக்கு ஏன் இத்தனை மேலாண்மை அமைப்புகள்?

ஒரு டவரில் இருப்பது ஒரே பெட்டி இல்லை. ரேடியோ ஒரு நிறுவனத்துடையது, மைக்ரோவேவ் இன்னொன்றுடையது, ரூட்டர் மூன்றாவது நிறுவனத்துடையது. கரண்ட், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் ஆகியவை இந்தியாவில் பெரும்பாலும் டவர் நிறுவனத்தின் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் அதை விற்றவர் கொடுத்த நிர்வாக மென்பொருள் தனியாக உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்கு ஆபரேட்டர் மேலே ஒரு குடை அமைப்பை வைத்திருப்பார். அதற்கும் மேலே டிக்கெட் அமைப்பு. ஆக, ஒரு ஃபைபர் அறுந்தால் நான்கு திரைகள் நான்கு பெயரில் சிவக்கும்.

இஎம்எஸ், என்எம்எஸ், ஓஎஸ்எஸ்: மூன்றும் ஒன்றா?

பேச்சில் மூன்றையும் கலந்தே சொல்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு-டி) எம்.3010 பரிந்துரை இதை அடுக்குகளாகப் பிரிக்கிறது: அடியில் நெட்வொர்க் சாதனம், அதன் மேல் சாதன மேலாண்மை, பிறகு நெட்வொர்க் மேலாண்மை, சேவை மேலாண்மை, உச்சியில் வணிக மேலாண்மை. இஎம்எஸ் என்பது சாதன மேலாண்மை அடுக்கு. ஒரு நிறுவனத்தின் சாதனங்களோடு நேரடியாகப் பேசும். என்எம்எஸ் பல இஎம்எஸ்களின் மேல் உட்காரும். ஓஎஸ்எஸ் என்பது இவற்றோடு இன்வென்டரி, டிக்கெட், செயல்திறன் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர்.

பெயரை நம்பி ஏமாற வேண்டாம். எரிக்சன் தன் பழைய இஎம்எஸ்ஸுக்கு வைத்த பெயரே ஓஎஸ்எஸ்-ஆர்சி. அதன் இடத்துக்கு வந்தது இஎன்எம், அதன் விரிவாக்கத்தில் 'நெட்வொர்க் மேனேஜர்' என்றே இருக்கிறது. ஆனாலும் இரண்டும் முதன்மையாகச் செய்வது எரிக்சன் சாதனங்களை நிர்வகிக்கும் வேலை. ஒரு திரை எந்த அடுக்கு என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்: இது சாதனத்தோடு நேரடியாகப் பேசுகிறதா, இன்னொரு அமைப்பு சொன்னதைக் கேட்டுச் சொல்கிறதா?

திரையில் லோகோ இல்லை, டிக்கெட்டில் ஒட்டிய அலாரம் வரி மட்டும் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பார்க்க வேண்டியது பொருளின் முகவரி, அதாவது எந்தப் பாகத்தில் பிழை என்று சொல்லும் நீளமான பெயர். அதன் வடிவமே கைரேகை மாதிரி.

காற்புள்ளியும் சமக்குறியுமாக, 'சப்நெட்வொர்க்=…, மீகான்டெக்ஸ்ட்=…, மேனேஜ்டுஎலிமென்ட்=1, இநோட்பிஃபங்ஷன்=1, இயூட்ரான்செல்எஃப்டிடி=…' என்று ஓடினால் அது எரிக்சன். 'பிஎல்எம்என்-பிஎல்எம்என்/எம்ஆர்பிடிஎஸ்-45012/எல்என்பிடிஎஸ்-45012/எல்என்செல்-3' என்று சாய்கோடும் சிறுகோடுமாக இருந்தால் நோக்கியா, வந்த இடம் அதன் இஎம்எஸ்ஸான நெட்ஆக்ட். 'கேபினட் எண்=0, சப்ராக் எண்=60, ஸ்லாட் எண்=0, போர்டு வகை=எம்ஆர்ஆர்யு' என்று அலமாரிக் கணக்கில் சொன்னால் ஹுவாவே. அந்தப் பக்கத்து மென்பொருளின் பெயர் காலத்துக்கேற்ப எம்2000, யு2020, எம்ஏஇ என்று மாறி வந்திருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் 'எம்2000-ல பாரு' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது, பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, அலாரம் எண். ஹுவாவேயில் ஐந்திலக்க எண்கள் அதிகம்: 26529 என்றால் ஆன்டெனா பாதையில் விஎஸ்டபிள்யூஆர் (அனுப்பிய சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு) எல்லை தாண்டியது, 26235 என்றால் ரேடியோ யூனிட்டுக்கான பராமரிப்பு இணைப்பு போனது, 29240 என்றால் செல் கிடைக்கவில்லை. நோக்கியாவில் நான்கிலக்கம்: 7650 பேஸ் ஸ்டேஷன் பழுது, 7653 செல் பழுது, 7767 பிசிசிஎச் (2ஜி செல் தன்னை அறிவிக்கும் சேனல்) காணவில்லை. எரிக்சன் பேஸ்பேண்டில் எண்ணைத் தேடி அலைய வேண்டாம், 'சர்வீஸ் அன்அவெய்லபிள்', 'விஎஸ்டபிள்யூஆர் ஓவர் திரெஷோல்ட்' என்று சொற்களாகவே வரும். பேஸ் ஸ்டேஷன்களைக் கட்டுப்படுத்தும் பழைய 2ஜி பிஎஸ்சியிலிருந்து வந்ததென்றால் 'ஆர்எக்ஸ்ஓடிஜி-12' மாதிரியான பெயர் இருக்கும்.

மூன்றாவது, கூடவே வரும் கூடுதல் புலங்கள். 'டாலி', 'அலர்ட்கீ', 'அலர்ட்குரூப்', 'ஃபர்ஸ்ட்அக்கரன்ஸ்' என்ற சொற்களைப் பார்த்தால் அந்த வரியை எடுத்தது இஎம்எஸ்ஸிலிருந்து இல்லை, ஐபிஎம் நெட்கூல் ஆம்னிபஸ் என்ற குடை அமைப்பிலிருந்து. டாலி என்பது அதே நிகழ்வு எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை. டாலி 400 என்றால் 400 சைட் விழவில்லை, ஒரே இடம் 400 முறை விழுந்து எழுந்திருக்கிறது.

தீவிரம் 5 என்று போட்டிருக்கிறது. ஓடணுமா, விடலாமா?

எண்ணைப் பார்த்து ஓடாதீர்கள், அது யாருடைய எண் என்று பாருங்கள். எக்ஸ்.733 தரநிலை ஆறு நிலைகளைச் சொல்கிறது: கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங், நிச்சயமில்லை, கிளியர். சொற்களில் சண்டை இல்லை. அவற்றுக்கு எண் கொடுத்ததில்தான் ஆளுக்கொரு வழி.

எக்ஸ்.721 வரையறையில் 0 நிச்சயமில்லை, 1 கிரிட்டிக்கல், 2 மேஜர், 3 மைனர், 4 வார்னிங், 5 கிளியர். நெட்கூலில் தலைகீழ்: 0 கிளியர், 1 நிச்சயமில்லை, 2 வார்னிங், 3 மைனர், 4 மேஜர், 5 கிரிட்டிக்கல். எஸ்என்எம்பி (சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை) அலாரங்களுக்கான ஆர்எஃப்சி 3877 மூன்றாவது வழியில் போகிறது: 1 கிளியர், 2 நிச்சயமில்லை, 3 கிரிட்டிக்கல், 4 மேஜர், 5 மைனர், 6 வார்னிங்.

அதாவது '5' என்ற அதே எண் ஓரிடத்தில் வீடு பற்றி எரிகிறது, இன்னோரிடத்தில் அணைந்துவிட்டது, மூன்றாம் இடத்தில் அடுப்பில் லேசாகப் புகை. புதிய சாதனம் ஒன்றைக் குடை அமைப்பில் சேர்க்கும்போது இந்த மாற்று அட்டவணையை ஒருவர் தவறாக எழுதிவிட்டால், கிளியர் செய்திகள் எல்லாம் கிரிட்டிக்கலாகக் கொட்டும். சேர்த்த அன்றே ஒரு அலாரத்தை வேண்டுமென்றே எழுப்பி, பிறகு தீர்த்து, இரு முனையிலும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

'ஹார்ட்பீட் ஃபெயிலியர்' வந்திருக்கிறது. சைட் டவுன் என்று டிக்கெட் போடலாமா?

பொறுங்கள். இதை எழுப்பியது சைட் இல்லை. இஎம்எஸ் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை, அதனால் இஎம்எஸ்ஸே எழுப்பிய அலாரம் இது. எரிக்சனில் ஹார்ட்பீட் ஃபெயிலியர், ஹுவாவேயில் 'என்இ இஸ் டிஸ்கனெக்டட்'. செத்த சாதனம் தான் செத்ததைச் சொல்லாது என்பது சரி. ஆனால் தொடர்பு அறுந்ததாலேயே சாதனம் செத்தது என்றும் ஆகாது. நிர்வாகப் போக்குவரத்து தனி விலானில் (ஒரே இணைப்பில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) போகிறது, வாடிக்கையாளர் போக்குவரத்து வேறொன்றில். முதலாவது மட்டும் அறுந்தால் அழைப்புகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

சரிபார்க்கும் வரிசை:

முதலில், அதே நிமிடத்தில் எத்தனை சைட்டுக்கு இந்த அலாரம் வந்தது என்று பாருங்கள். இருபது சைட் ஒன்றாகப் போனால் பிரச்சினை அவற்றுக்குப் பொதுவான மைக்ரோவேவ் ஹாப்பிலோ ரூட்டரிலோ இருக்கிறது. அங்கே ஒரே டிக்கெட் போதும்.

ஒரே சைட் என்றால் இஎம்எஸ் சர்வரிலிருந்து அந்த நோடின் (சைட்டில் உள்ள சாதனத்தின்) நிர்வாக ஐபிக்கு பிங், அடுத்து அதன் கேட்வேக்கு பிங். உங்கள் மேசைக் கணினியிலிருந்து பிங் செய்து வந்த முடிவுக்கு மதிப்பில்லை, பாதை வேறு.

பிறகு நெட்வொர்க்கின் மையப்பகுதியான கோர் பக்கத்தைக் கேளுங்கள். 4ஜி என்றால் எம்எம்இயில் (கோரின் கட்டுப்பாட்டு நோட்) அந்த இநோட்பியின் (4ஜி பேஸ் ஸ்டேஷன்) எஸ்1 இணைப்பு இருக்கிறதா, 5ஜி என்றால் அதே இடத்தில் இருக்கும் ஏஎம்எஃப்பில் என்2 இணைப்பு இருக்கிறதா. இரண்டும் எஸ்சிடிபி என்ற நெறிமுறையின் மேல் போகின்றன, போர்ட் எண்கள் முறையே 36412, 38412. இணைப்பு நிமிர்ந்து நிற்கிறதென்றால் பேஸ் ஸ்டேஷன் உயிரோடுதான் இருக்கிறது. அந்தச் செல்லுக்குப் பக்கத்துச் செல்களிலிருந்து ஹேண்டோவர் வெற்றி பெறுகிறதா என்றும் பாருங்கள், சந்தேகம் தீரும்.

பிங் போகிறது, கோர் இணைப்பும் இருக்கிறது, இஎம்எஸ் மட்டும் துண்டிப்பு என்கிறதா? சான்றிதழ் காலாவதியைச் சந்தேகியுங்கள். அடுத்து நோடின் கடவுச்சொல் மாறியும் இஎம்எஸ்ஸில் மாற்றாமல் விட்டது. ரூட்டர் மாற்றும் வேலை முந்தின இரவு நடந்திருந்தால் நிர்வாக விலானைச் சேர்க்க மறந்திருப்பார்கள், இதுதான் அடிக்கடி நடப்பது.

இன்னொன்று. துண்டிப்பு இருக்கும்வரை அந்த நோடின் மற்ற அலாரங்கள் உறைந்து நிற்கும். பழையது தீராது, புதியது வராது. நேற்றைய விஎஸ்டபிள்யூஆர் அலாரத்தைப் பார்த்துவிட்டு ரிகரை (டவர் ஏறும் தொழிலாளி) டவரில் ஏற்றிவிடாதீர்கள்.

'மெயின்ஸ் ஃபெயில்' அலாரம் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. எதை நம்புவது?

ஒன்று பேஸ் ஸ்டேஷனின் புற அலாரம் வழியாக வருகிறது: பவர் பிளான்டிலிருந்து இரண்டு ஒயர், நோடின் அலாரம் போர்டில் செருகியிருக்கும். மற்றது டவர் நிறுவனத்தின் சொந்தக் கண்காணிப்புக் கருவி, தனி சிம் போட்டுத் தன் சர்வருக்கு அனுப்புவது. பாதை இரண்டும் வேறு, அதனால்தான் ஒத்துப்போவதில்லை.

ஒயரில் வரும் பிழை பெரும்பாலும் துருவநிலைத் தவறு. தொடர்பு வழக்கமாக மூடியிருந்து, அலாரத்தில் திறக்கும்படி கட்டினால் ஒயர் அறுந்தாலும் அலாரம் வரும். வழக்கமாகத் திறந்திருந்து, அலாரத்தில் மூடும்படி கட்டினால் எலி ஒயரைக் கடித்த பிறகு அந்த அலாரம் ஒருநாளும் வராது, யாருக்கும் தெரியாது. ஒயரிங் ஒரு விதமாகவும் நோடில் போட்ட அமைப்பு வேறு விதமாகவும் இருந்தால், கரண்ட் இருக்கும்போது அலாரம் வரும், போனால் தீரும். ஆட்கள் சைட்டில் இருக்கும்போதே என்ஓசியை போனில் வைத்துக்கொண்டு மெயின்ஸ் பிரேக்கரை இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுவதுதான் வழி.

எதை நம்புவது என்றால் வோல்ட்டேஜைச் சொல்லும் திரையை. மைனஸ் 48 வோல்ட் அமைப்பில் லெட்-ஆசிட் பேட்டரி ஃப்ளோட்டில் இருக்கும்போது ஏறத்தாழ 54 வோல்ட் காட்டும். அது இறங்கிக்கொண்டே போனால் மெயின்ஸும் இல்லை, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை.

இஎம்எஸ்ஸில் தீர்ந்த அலாரம் குடைத் திரையில் மூன்று நாளாக நிற்கிறது. ஏன்?

கிளியர் செய்தி வழியில் தொலைந்திருக்கும், அல்லது வந்தும் பொருந்தாமல் போயிருக்கும்.

எஸ்என்எம்பி டிராப், அதாவது சாதனம் தானாக அனுப்பும் அலாரம் செய்தி, யுடிபி போர்ட் 162-க்கு வருவது. ஒப்புகை கிடையாது, போனால் போனதுதான். பெரிய ஃபைபர் அறுப்பில் ஆயிரக்கணக்கில் கொட்டும்போது சில தவறுவது சகஜம். இதற்கு மருந்து ரீசிங்க்: இஎம்எஸ்ஸின் நடப்பு அலாரப் பட்டியலை முழுதாக இழுத்து ஒப்பிட வைப்பது. பரபரப்பான நேரத்தில் எல்லா இஎம்எஸ்ஸுக்கும் ஒரேயடியாக ரீசிங்க் கொடுக்காதீர்கள், அதுவே இன்னொரு வெள்ளத்தைக் கொண்டுவரும்.

ரீசிங்க் செய்தும் மறுபடி மறுபடி இதே அலாரம் நிற்கிறதென்றால் பொருத்தத்தில் கோளாறு. நெட்கூலில் பிரச்சினைச் செய்தி வகை 1, தீர்வுச் செய்தி வகை 2. நோட், அலர்ட்குரூப், அலர்ட்கீ எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் இரண்டும் சேர்ந்து அழியும். அலர்ட்கீயில் நேரத்தையோ அளவீட்டையோ யாராவது சேர்த்து வைத்திருந்தால் ஒருபோதும் ஒக்காது. கையால் அழித்துக்கொண்டே இருப்பது ஷிஃப்டை ஓட்ட உதவும், ஆனால் விதியைத் திருத்தும் குழுவுக்கு அந்த இரண்டு வரிகளையும் அப்படியே எடுத்து அனுப்புங்கள்.

மறுபக்கமாக, இஎம்எஸ்ஸில் இருக்கிறது, மேலே வரவே இல்லை என்றால் அந்த சைட் பராமரிப்பு நிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை முடிந்தும் எடுக்க மறந்திருப்பார்கள்.

கவுண்டர் பெயரைப் பார்த்து எந்த அமைப்பின் அறிக்கை என்று சொல்ல முடியுமா?

முடியும், அலாரத்தைவிட எளிது. கவுண்டர் என்பது நோட் ஒரு நிகழ்வை எண்ணி வைக்கும் கணக்கு. 'பிஎம்' என்று தொடங்கி இடைவெளியே இல்லாமல் 'பிஎம்ஆர்ஆர்சிகனெஸ்டாப்சக்' என்று ஓடினால் எரிக்சன். 'எல்.ஆர்ஆர்சி.கன்ரெக்.சக்' என்று புள்ளி வைத்துப் பிரித்திருந்தால் ஹுவாவே 4ஜி. 'எம்8013சி5' என்று சங்கேதமாக இருந்தால் நோக்கியா: 8013-ஆம் அளவீட்டுத் தொகுப்பில் 5-ஆம் கவுண்டர். மூன்றுமே ஆர்ஆர்சி (போனுக்கும் பேஸ் ஸ்டேஷனுக்கும் இடையிலான ரேடியோ) இணைப்பு வெற்றியைச் சுற்றித்தான் எண்ணுகின்றன, ஆனால் எந்தச் செய்தியில் எண்ணிக்கையைக் கூட்டுவது என்பதில் வேறுபாடு உண்டு. ஒரு நிறுவனத்தின் 99.2 சதவீதத்தையும் இன்னொன்றின் 99.4 சதவீதத்தையும் அப்படியே ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம்.

அறிக்கையில் நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி இருக்கிறதே?

நோட் யுடிசியில் எழுதுகிறது, நீங்கள் இந்திய நேரத்தில் படிக்கிறீர்கள். கோப்பின் பெயரே சொல்லிவிடும். 3ஜிபிபி (மொபைல் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) முறைப்படி பெயரிட்ட கோப்பு 'ஏ20250314.0915+0530-0930+0530_' என்று தொடங்கும். முன்னால் உள்ள ஏ என்றால் ஒரே சாதனம், ஒரே காலப்பகுதி. பி என்றால் பல சாதனங்கள். அடுத்தது தேதி, தொடக்க நேரம், முடிவு நேரம், இங்கே 15 நிமிடம். அதே கோப்பு '0345+0000-0400+0000' என்று வந்தால் கணக்கு சரிதான், மண்டலம்தான் வேறு. கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்காமல் பிஸி ஹவர் கணக்கிட்டால் காலை 9 மணிக்கான நெரிசலை விடிகாலை மூன்றரை மணியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எந்தக் கட்டளை வெறும் பார்ப்பது, எது மாற்றிவிடும்?

ஹுவாவேயின் கட்டளை மொழியான எம்எம்எல்லில் முதல் சொல்லே சொல்லிவிடும். எல்எஸ்டி, டிஎஸ்பி இரண்டும் பார்ப்பவை. ஏடிடி, எம்ஓடி, ஆர்எம்வி, பிஎல்கே, ஆர்எஸ்டி எல்லாம் கை வைப்பவை. எல்எஸ்டிக்கும் டிஎஸ்பிக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம்: எல்எஸ்டி காட்டுவது எழுதி வைத்த அமைப்பு, டிஎஸ்பி காட்டுவது இந்த நொடியின் நிலை. 'செல் ஆக்டிவாகத்தானே இருக்கிறது' என்று எல்எஸ்டியைப் பார்த்து வாதாடுபவர்கள் நிறைய.

நோக்கியாவின் பழைய பிஎஸ்சியில் கட்டளைகள் இசட் எழுத்தில் தொடங்கும். இசட்ஏஎச்ஓ நடப்பு அலாரங்களையும் இசட்இஇஐ பிடிஎஸ் (2ஜி பேஸ் ஸ்டேஷன்) நிலையையும் காட்டும். எரிக்சனில் ஏமோஸ் என்ற கட்டளைக் கருவியைத் திறந்து 'எல்டி ஆல்' கொடுத்த பிறகு 'ஏஎல்டி' அலாரம் காட்டும், 'எஸ்டி செல்' செல்களின் நிலையைக் காட்டும். 'பிஎல்' பூட்டும், 'டெப்' திறக்கும், 'செட்' மாற்றும். மாற்றத்துக்கு முன் 'சிவிஎம்எஸ்' கொடுத்துக் காப்புநகல் எடுக்காதவர் கையில் 'செட்' கொடுக்கக் கூடாது.

எரிக்சனிலேயே இன்னொரு நுட்பம்: ஏமோஸ் நோடோடு நேரடியாகப் பேசுகிறது. இஎன்எம்மில் 'சிஎம்எடிட் கெட்' கொடுத்தால் பதில் சொல்வது இஎன்எம்மின் தரவுத்தளம். நோட் ஒத்திசைவில் இல்லை என்றால் அது சொல்வது பழைய கதை. சிஎம்ஃபங்ஷனின் சிங்க்ஸ்டேட்டஸை முதலில் பார்த்துவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

நேற்று மாற்றிய பாராமீட்டர் இன்று பழைய மதிப்புக்கே போய்விட்டது. யார் மாற்றியது?

பெரும்பாலும் மனிதர் இல்லை. மூன்று சந்தேக நபர்கள்: சைட்டைத் தானாகச் சீர்செய்யும் சான் அமைப்பு, இரவில் ஓடி 'தங்க மதிப்பு'களுக்குத் திருப்பும் ஆடிட் நிரல், முன்பே அட்டவணையிட்டுக் காத்திருந்த மொத்த மாற்றக் கோப்பு. இஎம்எஸ்ஸின் செயல் பதிவில் பயனர் பெயரைத் தேடுங்கள். ஆள் பெயருக்குப் பதில் சேவைக் கணக்கு ஒன்று, அதுவும் தினமும் ஒரே நிமிடத்தில் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்தச் செல்லை விலக்குப் பட்டியலில் சேர்க்காமல் மறுபடி மாற்றினால் நாளையும் இதே கேள்வி வரும்.

5ஜியும் கிளவுடும் வந்த பிறகு எங்கே பார்ப்பது?

மென்பொருளாக ஓடும் நோடுக்குக் கீழே இன்னும் இரண்டு தளம் உண்டு. சர்வர் இரும்பு, அதன் மேல் கிளவுட். சர்வரில் டிஸ்க் போனதை டெல் என்றால் ஐடிராக், எச்பிஇ என்றால் ஐஎல்ஓ சொல்லும். குபர்நெட்டீஸில் பாட் (மென்பொருள் ஓடும் சிறு அலகு) விழுந்ததை கிளவுட் மேலாளர் சொல்லும். இவற்றால் செல் போனதை மட்டும்தான் இஎம்எஸ் சொல்லும். இஎம்எஸ்ஸை மட்டும் பார்த்து நோடை ரீஸ்டார்ட் செய்தால் அதே பழுதான சர்வரில் மறுபடி எழுந்து மறுபடி விழும். பல நிறுவனச் சாதனங்களைத் திறந்த இடைமுகங்களில் இணைக்கும் ஓ-ரான் நெட்வொர்க்கில் இஎம்எஸ்ஸின் இடத்தில் எஸ்எம்ஓ என்ற பெயரைக் கேட்பீர்கள், நோடோடு அது பேசும் இடைமுகம் ஓ1. அமைப்பு மாற்றங்கள் நெட்கான்ஃப் வழியே போகும், வழக்கமான போர்ட் 830.

ஆவணமே இல்லாத பழைய சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எது எதை நிர்வகிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சர்வரைக் குடையாதீர்கள், நோடிடம் கேளுங்கள். ஒவ்வொரு நோடிலும் டிராப் எந்த ஐபிக்குப் போகிறது என்ற பட்டியல் இருக்கும். கூடவே கடிகாரத்துக்கு என்டிபி சர்வர் எது, சிஸ்லாக் (நிகழ்வுப் பதிவு) எங்கே போகிறது, கடைசியாக உள்ளே வந்தவர் எந்த ஐபியிலிருந்து வந்தார் என்பதும். ஒவ்வொரு சாதன வகையிலும் பத்துப் பதினைந்து நோடுகளில் இதை எடுத்து எக்செல்லில் போட்டால், அந்தச் சர்வர் இன்னும் யாருக்காவது வேண்டுமா என்பது தெரிந்துவிடும். சர்வர் பக்கம் 162-இல் டிராப் வருகிறதா, 161-க்கும் 830-க்கும் வெளியே அழைப்புப் போகிறதா என்று ஒரு முழு நாள் பாருங்கள். ஒரு மணி நேரம் போதாது, சில அமைப்புகள் இரவு ஒருமுறைதான் இன்வென்டரி எடுக்க எழுந்திருக்கும்.

யாரும் பயன்படுத்தவில்லை என்று முடிவானாலும் நோடுகளின் டிராப் பட்டியலிலிருந்து அந்த ஐபியை உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் சர்வரின் நெட்வொர்க் போர்ட்டை மட்டும் இரண்டு வாரம் அணைத்து வையுங்கள். மாத அறிக்கை எடுப்பவர் யாராவது போன் செய்தால் போர்ட்டைத் திறப்பது ஒரு நிமிட வேலை. ஆயிரம் நோடில் ஐபியைத் திரும்பச் சேர்ப்பது அப்படி இல்லை.